கரகரப்பைச் சேர்க்காதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன்

போன மாதம் மட்டும் 'பழைய பேஸ்பால் வானொலி வர்ணனை' என்று எனக்கு மூன்று ஒலிப்பதிவுகள் வந்தன. மூன்றாவதை அனுப்பியவர் இங்கே அமெரிக்காவில் ஒரு பள்ளியில் வரலாறு கற்பிக்கும் தோழி. "அண்ணா, 1942 நீக்ரோ லீக் உலகத் தொடரின் அசல் வானொலிப் பதிவு கிடைத்துவிட்டது! சாட்சல் பேஜ் வீசுகிறார், ஜாஷ் கிப்சன் மட்டை பிடிக்கிறார். வகுப்பில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன்."

நீக்ரோ லீக் என்பது அன்று கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக இருந்த பேஸ்பால் லீக். வந்தது நான்கு நிமிடப் பதிவு. நாற்பதாவது விநாடியில் நிறுத்திவிட்டேன்.

பந்து மட்டையில் பட்டதும் 'டிங்' என்றது. அது அலுமினிய மட்டை. 1970களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1942இல் எல்லோர் கையிலும் மரக்கட்டைதான், அதன் ஓசை வேறு. இது போகட்டும், ஒலி நூலகத்தில் 'பேஸ்பால் அடி' என்று தேடி முதலில் வந்ததை எடுத்துப் போட்டிருப்பார்கள். அதற்கு முந்தைய வாரம் வந்த பதிவு இன்னும் மேல். 1934 ஆட்டமாம், பின்னணியில் ஆர்கன் இசை பொழிகிறது. பேஸ்பால் மைதானத்தில் ஆர்கன் முதன்முதலாக ஒலித்ததே 1941இல், சிகாகோவின் ரிக்லி மைதானத்தில்.

என் பொறுமையைச் சோதித்தது இவை எதுவுமில்லை. அந்தக் கரகரப்பு. வர்ணனைக்கு அடியில் ஓயாமல் ஒரு பொரிச் சத்தம், நடுவே ஒரே சீராக 'டிக்… டிக்…'. அளந்து பார்த்தேன்: முக்கால் விநாடிக்கு ஒரு டிக். அதாவது நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய பாட்டுத்தட்டில் விழுந்த கீறல். வானொலி நிலையங்கள் நிகழ்ச்சிகளைப் பதிந்துவைத்தது 16 அங்குலப் பெரிய தட்டுகளில். அவை நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அதில் கீறல் இருந்தால் 1.8 விநாடிக்கு ஒருமுறைதான் டிக் வரும். யாரோ ஒருவர் எங்கோ கிடந்த பாட்டுத்தட்டின் கீறலை எடுத்து பேஜின் தலையில் கட்டிவிட்டார்.

இந்தத் துறையில் என்னை அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கை இதுதான்: பழைய ஒலி என்றால் கரகரக்க வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் தீரவில்லை, இன்னொரு முறை சொல்கிறேன். 1942இல் வீட்டுக் கூடத்தில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர் நேரலையைக் கேட்டார். எங்கேயும் தட்டு சுழலவில்லை, முள் உரசவில்லை. தொலைவில் மின்னல் வெட்டினால் ஒரு இரைச்சல், பக்கத்து அலைவரிசை குறுக்கிட்டால் ஒரு சீழ்க்கை, அவ்வளவுதான். குரலின் மேல்நுனியும் அடிநாதமும் வெட்டுப்பட்டு, பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். மீட்டுருவாக்கத்துக்கு, அதாவது பழைய வர்ணனையை இன்று புதிதாக ஒலியில் உருவாக்குவதற்கு, தேவை அந்த வெட்டு மட்டும்தான். கரகரப்பு வானொலியின் ஓசை அல்ல, தட்டின் ஓசை. அதைச் சேர்க்கிறபோது 'இந்த ஆட்டத்தை அன்றைக்கே யாரோ தட்டில் பதிந்து, பத்திரப்படுத்தி வைத்தார்கள்' என்று சொல்லாமல் சொல்கிறீர்கள்.

பதியவில்லை ஐயா. சிக்கலே அதுதான்.

கறுப்பின வீரர்களைப் பெரிய லீக்குகள் உள்ளே விடாத காலம் அது. 1920இல் கான்சஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று நீக்ரோ தேசிய லீக்கைத் தொடங்கினார். 1947 ஏப்ரல் 15 அன்று கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கும் வரை வேறு வழி இருக்கவில்லை. நீக்ரோ லீக்குகளின் நட்சத்திர வீரர்கள் மோதிய 1943 கிழக்கு–மேற்கு ஆட்டத்துக்கு சிகாகோவின் கோமிஸ்கி மைதானத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை, ஆட்டத்துக்கும் குறைவில்லை. மைக்ரோபோன்தான் அபூர்வமாக வந்தது. பெரிய லீக் ஆட்டங்களை 1921இலேயே பிட்ஸ்பர்க் நிலையம் ஒன்று ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. வாஷிங்டன் நிலையம் ஒன்று 1939 செப்டம்பர் 21 அன்று தன் முழுநாள் ஒலிபரப்பையும் தட்டுகளில் பதிந்துவைத்தது. அதில் வாஷிங்டன்–கிளீவ்லாந்து ஆட்டமும் இருக்கிறது. அந்தக் கால வர்ணனையின் நடை தெரிய வேண்டுமானால் அதைத் தேடிக் கேளுங்கள், என் மாணவர்களுக்கும் அதைத்தான் முதல் பாடமாக வைக்கிறேன். ஆனால் பேஜும் கிப்சனும் மோதிய அன்று அப்படியொரு தட்டைச் சுழலவிட யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் தூவும் கரகரப்பு அந்தப் புறக்கணிப்பின் மீது பூசும் சுண்ணாம்பு.

இதைச் சொன்னால் உடனே மறுமுனையிலிருந்து ஒரு கேள்வி வரும்: அப்படியானால் மீட்டுருவாக்கமே ஏமாற்றுதானே? இல்லவே இல்லை. எனக்குச் சோறு போடும் தொழில் அது. வானொலி பேஸ்பாலின் பாதி வரலாறே மீட்டுருவாக்கம்தான். வெளியூர் ஆட்டங்களுக்கு வர்ணனையாளரை அனுப்பச் செலவு அதிகம் என்பதால், தந்தியில் வரும் சுருக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு நிலையத்தில் உட்கார்ந்தே வர்ணிப்பார்கள். மரத்துண்டில் குச்சியைத் தட்டினால் அடி, பதிந்துவைத்த ஆரவாரத்தைக் கூட்டினால் ரன். பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரீகன் 1930களில் அயோவாவில் செய்தது இந்த வேலையைத்தான். ஒருநாள் தந்தி அறுந்துபோக, மட்டையாளரைப் பல நிமிடங்கள் எல்லைக்கு வெளியே அடிக்கவைத்தே சமாளித்த கதையை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் பிரியர்களுக்கும் இது புதிதல்ல. 1938இல் இங்கிலாந்தில் நடந்த டெஸ்ட் ஆட்டங்களை ஆஸ்திரேலிய வானொலி சிட்னியில் இருந்தபடி, மரத்தில் பென்சிலைத் தட்டித்தான் 'நேரலை' செய்தது.

ஆக, கறுப்பின ஆட்டங்களுக்கு அன்று கிடைக்காத வர்ணனையை இன்று உருவாக்கிக் கொடுப்பது நல்ல காரியம், அதிலும் பிள்ளைகளுக்கு. ஆனால் எதை வைத்து உருவாக்குவது? கையில் இருப்பது 'பிட்ஸ்பர்க் கூரியர்', 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் அச்சிட்ட செய்தியும் ஆட்ட அட்டவணையும். எத்தனை ஓட்டம், எத்தனை அடி என்பது தெரியும். மூன்றாவது பந்து உள்ளே வந்ததா வெளியே போனதா என்பது தெரியாது. அதை நீங்கள்தான் இட்டு நிரப்புகிறீர்கள். நிரப்புங்கள், ஆனால் நிரப்பியதாகச் சொல்லிவிடுங்கள்.

தோழி அனுப்பிய பதிவையே எடுத்துக்கொள்வோம். பிட்ஸ்பர்க் ஃபோர்ப்ஸ் மைதானம், தொடரின் இரண்டாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். கிப்சனோடு மோத வேண்டும் என்பதற்காகவே அவருக்கு முன்னால் வந்தவர்களைப் பேஜ் வேண்டுமென்றே நடக்கவிட்டு (அடிக்க முடியாதபடி வீசி முதல் தளத்துக்கு இலவசமாக அனுப்பி) மூன்று தளங்களையும் நிரப்பினார், பிறகு கிப்சனை ஸ்ட்ரைக் அவுட் செய்து வெளியேற்றினார் என்பது கதை. பேஜே சொன்ன கதை, உலகமே விரும்பும் கதை. அன்றையப் பத்திரிகைச் செய்திகளிலோ வேண்டுமென்று கொடுத்த நடை எதுவும் இல்லை, தளங்கள் அடியால்தான் நிரம்பின. கிப்சன் மூன்று பந்தில் வீழ்ந்தது மட்டும் இரண்டிலும் பொது. பதிவில் எது வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாடகமாக அதை ரசித்துவிட்டுப் போயிருப்பேன். 'அசல்' என்ற முத்திரையோடு வந்தால், அந்த வகுப்பிலிருக்கும் முப்பது பிள்ளைகளுக்கும் இனி அதுதான் சான்று. இத்தனைக்கும் 2024இல்தான் இந்த லீக்குகளின் புள்ளிவிவரங்கள் பெரிய லீக் கணக்கில் சேர்ந்தன. அதுவரை முதலிடத்திலிருந்த டை காபைப் பின்னுக்குத் தள்ளி கிப்சனின் .372 வாழ்நாள் மட்டைச் சராசரி முதலிடத்துக்கு வந்தது. ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் பழைய பத்திரிகைகளைத் துருவி மீட்ட கணக்கு அது. அவர்கள் ஒவ்வொரு எண்ணாகப் பொறுக்கிக்கொண்டிருக்க, நாம் ஒரே மதியத்தில் ஆதாரம் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.

செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக: 'இது மீட்டுருவாக்கம்' என்பதைக் கோப்பின் விவரத்தில் எழுதினால் போதாது, குரலிலேயே சொல்லுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. துண்டாக வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது தொடக்கம்தான் முதலில் தொலையும், ஆகவே நடுவிலும் ஒருமுறை. நிலைய அறிவிப்பு போலச் சொன்னால் நடையும் கெடாது. பேஜின் குரலைச் செயற்கை நுண்ணறிவில் வார்த்து அவர் சொல்லாததைச் சொல்லவைக்காதீர்கள், அவர் குரல் பேட்டிகளில் இருக்கிறது. வர்ணனையாளருக்கு முன்மாதிரி வேண்டுமானால் நியூவார்க்கின் ஜாக்கோ மேக்ஸ்வெல்லைப் பற்றிப் படியுங்கள். 1929இலேயே வானொலியில் விளையாட்டுச் செய்தி சொன்ன கறுப்பினத்தவர். 1930களின் கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியின் இரவு ஆட்டமானால் அவர்கள் லாரியில் கொண்டுசென்ற விளக்குகளுக்கான ஜெனரேட்டர் இரையட்டும். அந்தச் சத்தத்தை ஒருவராவது சேர்த்து இதுவரை நான் கேட்டதில்லை. கரகரப்புக்கு மட்டும் பஞ்சமில்லை.

தோழிக்கு இத்தனையும் எழுதவில்லை. 'நாடகம் என்று சொல்லிப் போடுங்கள், கூடவே பத்திரிகைச் செய்தியையும் படிக்கக் கொடுங்கள்' என்று மட்டும் பதில் போட்டேன். "அப்படியானால் அசல் எங்கேதான் இருக்கிறது?" என்று கேட்டார்.

அதற்காகத்தான் கடைசியாக ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில் இருப்பவர்கள், பழைய வீடு வாங்கியவர்கள், பழைய பொருள் சந்தைக்குப் போகிறவர்கள் கண்ணில் 16 அங்குலக் கறுப்புத் தட்டு ஏதாவது பட்டால், தயவுசெய்து வீட்டுக் கருவியில் வைத்து முள்ளை இறக்காதீர்கள். மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை என்று துணியால் தேய்க்காதீர்கள். பெரும்பாலும் அது அரக்குப் பூச்சிலிருந்து கசிந்த கொழுப்பமிலம். தேய்த்தால் ஒலித்தடமும் கெடும். விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கி, நிறுத்திவைத்து, ஒலி ஆவணங்களைக் கையாளத் தெரிந்த நூலகத்தைக் கூப்பிடுங்கள். லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் சரி, எதுவுமே எழுதாமலிருந்தாலும் சரி.