மைக்ரோஃபைபர்: நுண்ணிழைத் துண்டும் கார் துவட்டும் முறையும்

காரைக்குடியில் கார் சாமான் விற்கும் கடையில் நின்று பார்த்தால், வருகிறவர்கள் "அண்ணே, மைக்ரோ துணி இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். மைக்ரோஃபைபர் என்ற சொல்லில் ஃபைபர் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த பாதியில்தான் விஷயமே இருக்கிறது. துணி சின்னதல்ல, அதன் இழைதான் சின்னது.

மைக்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் சிறியது. ஃபைப்ரா என்றால் இலத்தீனில் நார், இழை. இரண்டையும் ஒட்டித் துணித் தொழில் செய்துகொண்ட கலப்புச் சொல் இது. மைக்ரோமீட்டரில் வரும் மைக்ரோவுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கணக்கு உண்டு. இங்கே அந்தக் கணக்கு கிடையாது, மிகச் சிறியது என்ற பொருள் மட்டுமே. இழைக்கு வேறொரு அளவுகோல் இருக்கிறது: டெனியர்.

9,000 மீட்டர் நீளமுள்ள இழையை நிறுத்தால் எத்தனை கிராம் வருகிறதோ, அத்தனை டெனியர். ஒரு டெனியருக்கும் கீழே போனால் அது மைக்ரோஃபைபர். அதாவது, காரைக்குடியிலிருந்து குன்றக்குடிக்குக் கிட்டத்தட்டப் போய்ச் சேரும் நீளத்துக்கு இழுத்தாலும் அந்த இழை ஒரு கிராம் தேறாது. ஒரு டெனியர் பாலியெஸ்டர் இழையின் குறுக்களவு ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். தலைமுடி பொதுவாக 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். டெனியர் என்ற பெயரே பழைய பிரெஞ்சுக் காசின் பெயர்தான். அது ரோமானியரின் டெனாரியஸ் காசிலிருந்து வந்தது. தினார் என்பதும் அதே குடும்பம். வட்டிக்கடைக் கணக்கில் பழகிய ஊருக்கு, காசின் பெயரில் இழையை நிறுப்பது ஒன்றும் புதுமையாகப் படாது.

கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்களிடம் டெனியர் பேச்சு எடுபடாது. பருத்திக்கு அவர்கள் சொல்வது 'கவுண்ட்'. இது தலைகீழ்க் கணக்கு: கவுண்ட் கூடினால் நூல் மெலிது, டெனியர் கூடினால் இழை தடிமன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தச் சேலையின் அழகே அதன் கெட்டியான பருத்திதான். அந்தச் சேலை பழசானதும் கிழித்து வீட்டுக் காருக்குத் துணியாகப் போடுவது நம் பக்கத்தில் வெகுநாள் பழக்கம். இன்றைய காரின் மேல்பூச்சுக்கு அது வேண்டாம் என்பேன். தையல் ஓரமும் கரையும் மெல்லிய கீறல் போடும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட்டில் சிலந்தி வலை போலத் தெரியுமே, அது இப்படித் தேய்த்துத் தேய்த்து வந்ததுதான்.

இந்த இழையை முதலில் உருவாக்கியது ஜப்பான். டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற அறிவியலாளர் 1970இல் செய்துகாட்டினார். கார் துடைக்க அல்ல, மெல்லிய தோல் போன்ற செயற்கைத் துணி ஒன்றுக்காக. ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருளைப் பல மெல்லிய இழைகளாக ஓடவிட்டு, சுற்றியுள்ள பொருளைக் கரைத்துவிட்டால் உள்ளே இருப்பவை தனித்தனியாக நிற்கும். முதலாவது கடல், மிஞ்சுவது தீவுகள். தொழில்துறையிலும் அதற்குக் கடல்-தீவு முறை என்றே பெயர்.

துடைக்கும் துணியில் வேறொரு வழி. பாலியெஸ்டரும் பாலியமைடும், அதாவது நைலான் வகையும், ஒரே இழையில் ஆரஞ்சுச் சுளைகளாக மாறி மாறி அடுக்கியிருக்கும். நெய்த பிறகு பதப்படுத்தும்போது சுளைகள் பிரிந்துகொள்ளும். உறையில் 80/20 என்றோ 70/30 என்றோ போட்டிருப்பது இந்த இரண்டின் விகிதம். சுளை பிரியாத துணிக்கும் கடையில் அதே பெயர், அதே பளபளப்பு. கண்டுபிடிப்பது எளிது. மேசையில் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டி, துணியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். பிரிந்த இழை என்றால் தண்ணீர் துணிக்குள் ஏறிவிடும். பிரியாதது தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். உள்ளங்கை வறண்டிருக்கும்போது தடவினால் நல்ல துணி தோலில் லேசாகப் பற்றி இழுக்கும். சிலருக்கு அது கூசும்.

இதில் ஒரு வேடிக்கை. பாலியெஸ்டர் தண்ணீர் குடிக்காத பொருள். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வைத்திருக்காது. அப்புறம் எப்படி உறிஞ்சுகிறது? இழை குடிப்பதில்லை, இழைகளுக்கு நடுவே உள்ள சந்துதான் இழுத்துக்கொள்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த நுண்புழை இதுதான். பருத்தி நீரைத் தன் உடம்புக்குள் வாங்கும். இது இடுக்கில் பிடித்துவைக்கும். அதனால்தான் பிழிந்தால் சட்டென்று விட்டுவிடுகிறது, சீக்கிரம் காய்கிறது. இந்தச் சந்து அடைபடக் கூடாது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், துணியைப் பராமரிக்கும் விதிகளில் முக்கால்வாசியைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நுண்ணிழை. நுண் என்பதில் நு தனிக்குறில். அடுத்து உயிர் வந்தால் ஒற்று இரட்டிக்கும். ஆகவே நுண்ணுயிர், நுண்ணறிவு வரிசையில் நுண்ணிழை. சிலர் நுண்நார் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. நார் என்றதும் வாழைநாரும் தேங்காய் நாரும்தான் கைக்குத் தட்டுப்படுகின்றன. உணவில் நார்ச்சத்து பொருந்துகிறது. கண்ணாடி இழை, ஒளியிழை என்று தொழில்நுட்பத்தில் ஏற்கெனவே இழையே நிலைத்துவிட்டது. நூல் என்றும் சொல்லக் கூடாது; பல இழைகள் முறுக்கிச் சேர்ந்தால்தான் நூல். சுளை பிரிந்த வகையைச் சுட்ட வேண்டுமானால் 'பிளந்த நுண்ணிழை' எனலாம்.

துணியின் மென்மையைச் சொல்ல நுண் என்ற சொல் இன்று நேற்று வந்ததல்ல. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குக் கொடுக்கும் ஆடையை "நோக்கு நுழைகல்லா நுண்மைய" என்று சொல்லியிருக்கிறது. இழை எங்கே ஓடுகிறது என்று பார்வை நுழைந்து பார்க்க முடியாத நுண்மை. அந்த ஆடைக்கு அங்கே வரும் சொல் அறுவை: தறியிலிருந்து அறுத்தது. துணியும் துண்டும்கூட வெட்டுதல் என்ற பொருளிலிருந்தே வந்தவை. துவாலை மட்டும் வெளியூர்க்காரர், போர்த்துகீசியரின் தோவால்யா. வளையம் வளையமாக நூல் நிற்கும் குளியல் துண்டுக்குத் தேங்காய்ப்பூத் துண்டு என்று அழகாகப் பெயர் வைத்த மொழி இது. கார் துவட்டும் தடித்த வகைக்கு நுண்ணிழைத் துண்டு, தூசு தட்டும் மெல்லிய வகைக்கு நுண்ணிழைத் துணி என்று பிரித்துக்கொள்ளலாம்.

உறையில் ஜிஎஸ்எம் என்று ஓர் எண் இருக்கும். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது அது. துணியின் கனத்தைச் சொல்லும், இழையின் நுண்மையைச் சொல்லாது. தூசுக்கு 300, 400 போதும். துவட்ட 500க்கு மேல், 1,000 தாண்டியும் கிடைக்கிறது. எண் மெய்தானா என்று சந்தேகம் வந்தால் மளிகைக்கடைத் தராசு இருக்கிறது. 40 செ.மீ.க்கு 40 செ.மீ. துணி 400 ஜிஎஸ்எம் என்றால் 64 கிராம் நிற்க வேண்டும். 40 கிராம்தான் நிற்கிறது என்றால் விலையைப் பேசிக் குறையுங்கள்.

இனி வினைச்சொல். கார் கழுவிய பிறகு செய்வதைத் துடைப்பது என்கிறோம். தலைக்குக் குளித்த பிள்ளையை ஆச்சி துடைப்பதில்லை, துவட்டுவார். காருக்கும் அதுதான் வேலை: துவட்டுவது, ஒற்றி எடுப்பது. துண்டை விரித்துக் கூரைமேல் போட்டு, இரண்டு மூலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் போதும், அழுத்தம் வேண்டாம். கூரை, கண்ணாடி, பானெட், பக்கவாட்டு, கடைசியில் கீழ்ப்பகுதி. செம்மண் அதிகம் ஒட்டுவது கீழேதான் என்பதால் அந்த ஈரத்தோடு மேலே திரும்பி வரக் கூடாது. அதற்கு முன்பே, குழாயின் முனையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் தாழ்வாக ஓடவிட்டால் பெரும்பாலான நீர் தகடாக வழிந்து இறங்கிவிடும். துண்டுக்கு வேலை பாதி. கண்ணாடி மடிப்பு, கதவு இடுக்கு, பெட்ரோல் மூடி இவற்றுக்குச் சின்னத் துணி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டில் இதை அவசரமாகச் செய்யக் காரணம் வெயிலும் போர்த் தண்ணீரும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் இருக்கும். சொட்டு காயும்போது நீர் போய்விடும், உப்பு நின்றுவிடும். கறுப்புக் காரின் பானெட்டில் குனிந்து பார்த்தால் தெரியும்: நடுவில் தெளிவாகவும், விளிம்பில் வெள்ளை வளையமாகவும். சொட்டு ஓரத்தில் வேகமாகக் காய்வதால் உப்பு அங்கே போய்ச் சேர்கிறது. புதுக்கறை என்றால் தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் தொட்டு ஒற்றி, உடனே நல்ல நீரால் அலசினால் போகும். வாரக்கணக்கில் விட்டால் பூச்சிலேயே ஊறிவிடும். மழைநீரில் இந்த உப்பு இல்லை. கூரை உள்நோக்கிச் சரியும் வளவு வீடுகளில் அண்டாவில் பிடித்த மழைநீர் மிச்சம் இருந்தால், கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது கிடையாது. வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறிய பிறகுதான் எல்லாமே.

துண்டைப் பேணுவது. புதிதாய் வாங்கியதும் ஒருமுறை அலசி, தைத்திருக்கும் சீட்டை வெட்டிவிடுங்கள். திரவ சோப்பு கொஞ்சம் போதும். துணி கண்டிஷனர் கூடாது. இழைமேல் மெழுகுபோல் படிந்து இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளை அடைக்கும். பிளீச்சிங் பவுடர் நைலான் சுளையைத் தின்னும். பருத்தித் துணியோடு சேர்த்தால் அதன் பஞ்சு ஏறிக்கொள்ளும். கஞ்சி போட்ட சேலை நனைத்த வாளியில் தெரியாமல் விழுந்துவிட்டால், காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். துவைகல்லில் அடிக்க வேண்டாம், இஸ்திரி வேண்டவே வேண்டாம். சூட்டில் இழை முனை சுருண்டுவிட்டால் மீளாது. காய்வதற்குப் பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், கட்டிய கொடியின் நிழல் நல்லது. போர்த் தண்ணீரில் துவைத்துத் துவைத்து விறைப்பு வந்தால், வினிகர் கொஞ்சம் கலந்த நீரில் ஊறவைத்து அலசலாம்.

ஒன்றே ஒன்று கண்டிப்பு: தரையில் விழுந்த துண்டு அன்றைக்குக் காரைத் தொடக் கூடாது. இடுக்கில் ஏறிய மணல் உதறினால் போகாது.

ஊரணிப் படியில் அலசுவதும் வேண்டாம். ஒவ்வொரு துவைப்பிலும் இழைத்துண்டுகள் கொஞ்சம் கழன்று போகும். அவை பிளாஸ்டிக், மட்காது. வாளியில் அலசி, அந்த நீரைத் துணியில் வடிகட்டிச் செடிக்கு எட்டாத இடத்தில் ஊற்றுவதே மேல். உறிஞ்சல் குறைந்த துண்டை டயருக்கு இறக்குங்கள், டயருக்கும் ஆகாதபோது எஞ்சின் பக்கத்துக்கு. இறக்கியதன் ஒரு மூலையைக் கத்திரியால் வெட்டிவிட்டால், டிரைவர் மாறினாலும் அது தவறிக் கூரைக்கு ஏறாது.