மிலிட்டரி சயின்ஸ் ஃபிக்‌ஷன்: போர்க்கதையா, படைக்கதையா?

மிலிட்டரி சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் எழுத நேர்ந்தால் 'போர் அறிவியல் புனைகதை' என்றுதான் முதலில் கைக்கு வரும். பொருளும் உடனே விளங்கிவிடும். ஆனால் அறிவியல் கற்பனையில் படைகளின் வாழ்வைச் சொல்லும் இவ்வகைக் கதைகளைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்துவருபவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. இக்கதைகளின் உயிர் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைப் 'போர்' என்ற சொல் தொடவில்லை.

மூலச்சொல்லும் போரைச் சொல்லவில்லை. லத்தீனில் போருக்குப் பெயர் 'பெல்லும்'. மிலிட்டரி என்பது அதிலிருந்து பிறந்ததன்று. படைவீரனைக் குறிக்கும் 'மீலெஸ்' என்ற சொல்லிலிருந்து 'மீலிதாரிஸ்' தோன்றி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, அச்சொல் சுட்டுவது போரில் நிற்கும் ஆளையும் அவனைச் சுற்றியுள்ள அமைப்பையும்தான்.

மற்ற இரு சொற்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'அறிதல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து சயின்ஸ் வந்தது. ஃபிக்‌ஷனின் வேர் 'ஃபிங்கெரே'. களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பதை அவ்வினை குறித்தது. தமிழின் 'புனை' என்பதும் கைவேலையிலிருந்து வந்த சொல்தான்: மாலை புனைவார்கள், ஓவியம் புனைவார்கள், பிறகு கதையும் புனைவார்கள். இவ்வளவு நெருக்கமான இணைச்சொல் கிடைப்பது அரிது. சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்ற தொடரை வில்லியம் வில்சன் 1851-லேயே கையாண்டிருந்தாலும், அது ஒரு கதைவகையின் பெயராக நிலைத்தது 1920-களின் இறுதியில், அமெரிக்க இதழாசிரியர் ஹியூகோ கெர்ன்ஸ்பாக்கின் இதழ்கள் வழியாகத்தான். அதற்கு முன்பு அவர் 'சயின்டிஃபிக்‌ஷன்' என்று இரண்டையும் ஒட்டிப் பார்த்தார். நாவுக்கு அது வசப்படவில்லை. தமிழில் விஞ்ஞானக் கதை, அறிவியல் புனைகதை என்று நடந்துவந்து இப்போது 'அறிபுனை' என்ற சிறிய வடிவம் புழங்குகிறது. எனக்குப் பிடித்தது அதுவே.

இனி அந்த முதற்சொல்.

இவ்வகையின் மூதாதையாகப் பலர் காட்டுவது 1871-இல் வெளிவந்த 'டார்க்கிங் சண்டை' என்ற ஆங்கிலக் கதை. எழுதிய ஜார்ஜ் செஸ்னி ஒரு படை அதிகாரி. ஜெர்மானிய அரசான பிரஷ்யா பிரான்ஸைத் தோற்கடித்த சூடு ஆறுவதற்குள், அதே படை இங்கிலாந்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று கற்பனை செய்தார். கதையைச் சொல்பவர் தளபதி அல்லர், அமைச்சரும் அல்லர். தொண்டர் படையில் சாதாரண வீரராக இருந்து, முதுமையில் பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தோல்வியைச் சொல்கிறார். குழம்பிய ஏற்பாடுகள், நேரத்துக்கு வராத உணவு, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாத நிலை: அவர் கண்ட போர் இதுதான். இந்தக் கதைவகையின் கரு அன்றே விழுந்துவிட்டது என்று நான் கருதுகிறேன்.

படைவீரன் தன் விருப்பத்துக்குப் போவதில்லை, அனுப்பப்படுகிறான். இங்கேதான் படைக்கதை 'ஸ்பேஸ் ஆப்பரா' என்னும் விண்வெளிச் சாகசக் கதையிலிருந்து பிரிகிறது. (1941-இல் எழுத்தாளர் வில்சன் டக்கர் அப்பெயரை வசையாகத்தான் சூட்டினார், பின்னாளில் அது வசையாக இல்லாமல் போயிற்று.) சாகசக் கதையின் நாயகன் கப்பலேறி எங்கு வேண்டுமானாலும் போவான். படைக்கதையின் நாயகனுக்கு மேலே ஓர் அதிகாரி, கீழே சில உயிர்கள், கையில் அரைகுறையாக வந்து சேர்ந்த ஒரு கட்டளை. மூன்றுக்கும் நடுவில் அவன் என்ன செய்கிறான் என்பதே கதை.

இதில் அறிவியல் எங்கே வருகிறது என்று கேட்கலாம். அந்தக் கட்டளைச் சங்கிலியை இழுத்துப் பார்ப்பதே அறிவியல்தான். ஒளியைவிட வேகமாகச் செய்தி போகாது. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு சொல் போய்ச்சேர, கோள்களின் இருப்பைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். தளபதி 'தாக்கு' என்று சொல்லி முடிப்பதற்குள் களம் மாறியிருக்கும். அப்படியானால் அங்கே இருக்கும் இளம் அதிகாரி பழைய கட்டளைக்குக் கீழ்ப்படிவதா, கண்முன் உள்ளதை நம்புவதா? இயற்பியலின் ஒரு விதி அப்படியே அறச்சிக்கலாக மாறுகிறது. வெற்றிடத்தில் வெப்பத்தைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். ஆகவே எஞ்சினை இயக்கும் கப்பல் எளிதில் ஒளிந்துகொள்ள முடியாது. குறிதவறிய குண்டு விழுவதற்குத் தரை இல்லை. அது போய்க்கொண்டே இருக்கும். கதையாசிரியர் இத்தகைய விதிகளை மதித்து நடந்தால், அடுத்து என்ன நடக்கும் என்பதை வாசகரும் கூடவே கணக்கிடலாம். இந்த இன்பத்தை வேறெந்தப் போர்க்கதையும் எனக்குத் தந்ததில்லை.

காலம் இன்னும் கொடியது. ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டில் பறக்கும் கப்பலில் ஓர் ஆண்டு கழிந்தால், வீட்டில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழிந்துவிடும். வியட்நாம் போரில் காயமடைந்து திரும்பிய ஜோ ஹால்டெமன், 1974-இல் வெளிவந்த 'முடிவிலாப் போர்' நாவலை இந்தக் கணக்கின் மேல்தான் கட்டினார். அவருடைய வீரன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அவன் விட்டுச்சென்ற உலகம் இருப்பதில்லை, முதலில் பல ஆண்டுகள், பிறகு நூற்றாண்டுகளே ஓடிவிடுகின்றன. களத்திலிருந்து வந்தவனுக்கு ஊர் அந்நியமாகிப்போகும் வலியைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான அறிவியல் இருக்க முடியுமா?

1959-இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய விண்காலாட்படை நாவலையும் இதையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். அங்கே பகைவர் சிலந்தி போன்ற உயிரிகள். கொல்வதற்குத் தயங்கத் தேவையில்லாதவர்கள். கடமை, பயிற்சி, ஒழுங்கு ஆகியவற்றை அந்நூல் மெய்யான ஈடுபாட்டோடு போற்றுகிறது. அதன் ஈர்ப்பை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எதிரியைப் பூச்சியாக்கிவிட்டால் போர் சுத்தமாகிவிடுகிறது. அதுவே இவ்வகைக்குள் என்றும் இருக்கும் ஆபத்து. படையின் உள்ளே நின்று பேசும் கதைகளே படையை நோக்கி மிகக் கடுமையான கேள்விகளைக் கேட்டும் இருக்கின்றன. இந்த இரண்டு குரல்களும் ஒரே பெயருக்குள் அடங்க வேண்டும்.

'இராணுவ அறிபுனை' ஆகுமா? இராணுவம் என்றால் இன்றைய வழக்கில் அரசின் தரைப்படையே முதலில் மனத்தில் எழுகிறது. இக்கதைகளிலோ விண்கப்பற்படை உண்டு, கூலிப்படை உண்டு, கிளர்ச்சிப்படை உண்டு. 'படைத்துறை அறிபுனை' பிழையில்லாத சொல்தான். ஆனால் அதில் ஓர் அலுவலகக் கோப்பின் வாடை அடிக்கிறது.

'படை' என்ற தனிச்சொல் எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது. தரைப்படை, கடற்படை, வான்படை, கூலிப்படை என்று எதோடும் சேரும். பழந்தமிழில் அது சேனையை மட்டுமன்றி ஆயுதத்தையும் குறித்தது. ஆளும் கருவியும் ஒரே சொல்லுக்குள் நிற்பது அறிபுனைக்கு எவ்வளவு வாய்ப்பாக இருக்கிறது! திருக்குறளில் 77-ஆம் அதிகாரத்தின் பெயரே படைமாட்சி. நிலைத்து நிற்கும் வீரர்கள் எத்தனை பேர் இருந்தாலும் தலைமக்கள் இல்லாவிடில் தானை இல்லை என்று அது முடிகிறது. கட்டளையிடுபவனுக்கும் ஏற்பவனுக்கும் உள்ள அந்த உறவைத்தான் விண்வெளிக்குக் கொண்டுபோய் நீட்டிப் பார்க்கிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை 'படை அறிபுனை'. பிரித்தே எழுதலாம். 'படைப்புனைவு' என்று சுருக்கினால் 'படைப்பு' என்று கண் படித்துவிடும். அதைத் தவிர்ப்பது நல்லது.

எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நாவலைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். பெயரிலேயே போர் இருக்கிறது, செவ்வாய்வாசிகள் படையெடுக்கிறார்கள், பீரங்கிகள் முழங்குகின்றன. ஆனால் கதைசொல்லி உயிர்தப்ப ஓடும் ஒரு குடிமகன். அது போரைப் பற்றிய அறிபுனை. படை அறிபுனை அன்று. மாறாக, ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டரின் ஆட்டம்' பெரும்பகுதி ஒரு பயிற்சிப் பள்ளிக்குள் நடக்கிறது. அங்கே சிறுவர்கள் அணி பிரிந்து விளையாடுகிறார்கள், தலைமையேற்கப் பழகுகிறார்கள், பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்தே அது படை அறிபுனைதான்.