நூலகத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் செய்முறைப் பெட்டி

பொது நூலகங்களில் மாணவர்களுக்கு நடத்தப்படும் செய்முறைப் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரு விடுமுறை நாளோடு முடிந்துவிடுகின்றன. அன்று விளக்கை எரியவைத்துப் பார்த்த பிள்ளை, மறுநாள் அதே மின்சுற்றை வேறு விதமாக இணைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கு வழியில்லை. குமரி மாவட்டத்தில் நூலகராகப் பணியாற்றும் அனுபவத்தில் சொல்கிறேன்: கருவிகளைப் பெட்டியோடு வீட்டுக்கு இரவல் கொடுப்பதே பயிற்சியைவிடக் கூடுதல் பயன் தருகிறது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் 2018-இல் திறக்கப்பட்ட 'ஓடி' (Oodi) நூலகத்தில் தையல் எந்திரமும் முப்பரிமாண அச்சுப்பொறியும் வாசகர்கள் பயன்படுத்துவதற்காகவே உள்ளன. நமக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. ஒரு நுண்ணோக்கி இருந்தால், தோவாளைப் பூச்சந்தையில் வாங்கிய பூவின் மகரந்தத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் பெட்டியைப் பராமரிப்பது புத்தகத்தைப் பராமரிப்பது போலன்று. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், தொலைநோக்கியையும் நுண்ணோக்கியையும் துணி உறையில் சுற்றி அலமாரியில் பூட்டிவைத்தால், வில்லையின் மேல் மெல்லிய இழைகளாகப் பூஞ்சை படர்ந்து, கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். காற்றுப்புகாத பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதும், மழைநாளில் திரும்பி வந்த கருவியை உலரவிட்ட பிறகே மூடுவதும் கட்டாயம்.

இதைவிட முக்கியமானது பொத்தான் மின்கலம், அதாவது கைக்கடிகாரத்தில் போடும் சிறிய வட்ட மின்கலம். அதை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையான புண் ஏற்படக்கூடும் என்பதால், இரவல் பெட்டிகளில் அதற்கு இடமே தரக்கூடாது. பென்சில் மின்கலங்களே போதும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே, வாந்தி எடுக்கவைக்க முயலாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இந்த எச்சரிக்கையைப் பெட்டி மூடியின் உட்புறத்தில், பாகங்களின் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைப்பது நல்லது. பெட்டியின் எடையையும் அங்கே குறித்துவைத்தால், திரும்பி வரும்போது தராசில் வைத்தவுடன் ஏதேனும் பெரிய பாகம் குறைகிறதா என்பது தெரிந்துவிடும்.

"பிள்ள ஒடச்சிற்றா நாங்க பைசா கட்டணுமா சார்?" என்பதுதான் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி. எல்.இ.டி. விளக்கை 9 வோல்ட் மின்கலத்தோடு நேராக இணைத்துக் கருக்கிவிடுவது கற்றலின் ஒரு பகுதி; ஓரிரு ரூபாய்ப் பொருளுக்கு அபராதம் விதித்தால் அந்தக் குடும்பம் மறுமுறை பெட்டியைக் கேட்காது. தமிழ்நாட்டின் 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஆகவே, மக்கள் இதற்காக முன்பே பணம் கட்டிவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

புதிதாகத் தொடங்கும் நூலகங்கள் மின்னணுப் பெட்டியோடு நின்றுவிடாமல் பனையோலை முடைவதற்கும் ஒரு பெட்டி வைக்கலாம். ஓலையை எந்த அளவுக்கு நனைத்தால் ஒடியாமல் வளையும் என்பதைக் கற்றுத்தர, ஊரிலேயே முடையத் தெரிந்த மூத்த பெண்களை அழைத்து, அவர்களுக்கு உரிய மதிப்பூதியமும் கொடுக்க வேண்டும்.