அரை நிமிட மௌனமும் ஐம்பது மில்லி வினாடி ரீசெட்டும்

அம்பாசமுத்திரத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். கல்யாண வீடியோக்களைக் கணினியிலிருந்து வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றும்போது வேலை திடீரென்று நின்றுவிடுகிறதாம்; ஏறத்தாழ அரை நிமிடம் கழித்துத் தானாகவே தொடர்கிறதாம். பக்கத்து மாவு மில்லில் மோட்டார் போடும் வேளைகளில் இது அடிக்கடி நேர்கிறது என்பது அவர் கவனித்த செய்தி. அவர் பயன்படுத்துவது லினக்ஸ் என்பதால், இயங்குதளத்தின் உள்மையமான கெர்னல் எழுதிவைக்கும் லாகை, அதாவது நிகழ்வுப் பதிவேட்டை, திறந்து பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் "ரீசெட் ஹைஸ்பீடு யுஎஸ்பி டிவைஸ் நம்பர் 6" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. "யுஎஸ்பி டிரைவர் சும்மா சும்மா ரீசெட் செய்து வேலையைக் கெடுக்கிறது, சிஸ்டத்தை மறுபடி ஏற்ற வேண்டும் என்று சர்வீஸ் கடையில் சொல்கிறார்கள், செய்யலாமா?" என்று கேட்கிறார்.

செய்யலாம், ஆனால் பயன் இருக்காது. லாகில் தெரியும் அந்த ரீசெட்டைக் குற்றவாளியாக்குவது, நோயாளி இருக்கும் வீட்டுக்கெல்லாம் வைத்தியர் வந்து போகிறார் என்பதால் நோயைக் கொண்டுவருபவரே அவர்தான் என்று சொல்வதைப் போன்றது. அந்த வரிக்கு முன்னால் என்ன நடந்தது, ரீசெட்டுக்கு ஆணையிட்டது யார் என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

அரை நிமிடம் என்ற கணக்கே முதல் துப்பு. லினக்ஸில் வெளி டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு கட்டளைக்கும், வட்டுகளைக் கவனிக்கும் ஸ்கஸி அடுக்கு ஒரு காலவரம்பு வைக்கிறது. நாம் மாற்றாத வரை அது 30 வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கட்டளையைத் திரும்பப் பெறும்படி, டிஸ்க்கை இயக்கும் மென்பொருளான யுஎஸ்பி சேமிப்பு டிரைவருக்கு உத்தரவு போகிறது. டிரைவர் கட்டளையைக் கைவிட்டு, போர்ட்டை ரீசெட் செய்யச் சொல்கிறது. ஆக, லாகில் ரீசெட் வரி விழுவதற்கு 30 வினாடி முன்பே டிஸ்க் பேச்சை நிறுத்திவிட்டது. கெர்னல் பொறுமையாகக் காத்திருந்து, பிறகுதான் கை வைத்திருக்கிறது.

இரண்டாவது துப்பு 6 என்ற எண். யுஎஸ்பி கருவி ஒன்று உண்மையிலேயே துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைந்தால், கெர்னல் அதைப் புதிய விருந்தாளியாகக் கருதி 7, 8 என்று அடுத்த எண்ணைக் கொடுக்கும். 127 வரை சென்ற பிறகுதான் சிறிய எண்களுக்குத் திரும்பும். ரீசெட்டில் மட்டும் பழைய எண்ணே நீடிக்கும். வாசகரின் லாகில் எண் மாறவே இல்லை என்பதால் கேபிள் ஆடித் துண்டிக்கப்பட்டது என்ற ஐயத்தை இப்போதே தள்ளிவிடலாம்.

போர்ட் ரீசெட் என்பது கருவியின் நினைவைத் துடைக்கும் செயல். தனக்குத் தரப்பட்ட முகவரியையும், தேர்ந்தெடுக்கப்பட்ட அமைவையும் மறந்து, கருவி பூஜ்ஜிய முகவரியில் வந்து நிற்கும். ஒரு பஸ்ஸில், அதாவது கருவிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரே இணைப்புப் பாதையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பூஜ்ஜியத்தில் நிற்க முடியும் என்பதால் கெர்னல் அதற்கென்று தனியாக ஒரு பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் மென்பொருள் ஏற்பாடு) வைத்திருக்கிறது. ரீசெட்டுக்கு முன்னும் பின்னும், அந்தக் கருவியைக் கையாளும் டிரைவரிடம் கெர்னல் சொல்லிவிட்டே செய்கிறது. சேமிப்பு டிரைவர் முன்னறிவிப்பு வந்ததும் தன் பூட்டைப் போட்டுப் புதிய கட்டளைகளைத் தடுத்துவிடும். ரீசெட்டைக் கேட்டதே அந்த டிரைவர்தான் என்றால் பூட்டு ஏற்கெனவே அதன் கையில் இருக்கும். ஆகவே கேட்பதற்கு முன் அதை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் தன் பூட்டுக்காகத் தானே காத்து நின்று உறைந்துபோகும். ரீசெட் முடிந்ததும் கெர்னல் பழைய முகவரியைத் திருப்பிக் கொடுத்து, கருவியின் தன்விவரக் குறிப்பைப் படித்து, தான் முன்பு எழுதிவைத்திருந்ததோடு ஒப்பிடுகிறது. எல்லாம் பொருந்தினால் நின்ற இடத்திலிருந்து வேலை தொடர்கிறது. கோப்பு கெடாமல் நகலெடுப்பு முடிவது இதனால்தான்.

இவையெல்லாம் மென்பொருள் பக்கம். என்னை மயக்குவது கம்பியின் பக்கம். யுஎஸ்பி 2.0 கேபிளில் தரவுக்கு இருப்பவை டி பிளஸ், டி மைனஸ் என்ற இரண்டே கம்பிகள். ரீசெட்டுக்கென்று தனிக் கம்பி கிடையாது. இரண்டையும் பூஜ்ஜிய வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பதுதான் ரீசெட் கட்டளை. கணினியின் சொந்தப் போர்ட் என்றால் குறைந்தது 50 மில்லி வினாடி, ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் இடையில் இருந்தால் குறைந்தது 10 மில்லி வினாடி பிடிக்க வேண்டும். (கணினியின் சொந்தப் போர்ட்டையும் இனி ஹப் என்றே சொல்கிறேன்.) சிக்கல் என்னவென்றால், வினாடிக்கு 48 கோடி பிட் வேகத்தில் ஓடும் ஹைஸ்பீடு இணைப்பில், யாரும் பேசாத சும்மா நேரத்திலும் இரண்டு கம்பிகளும் பூஜ்ஜியத்தில்தான் இருக்கும். தூங்கு என்ற உத்தரவும் இதே அமைதிதான். அப்படியானால் தன்னை ரீசெட் செய்கிறார்களா, தூங்கச் சொல்கிறார்களா என்று கருவிக்கு எப்படித் தெரியும்?

3 மில்லி வினாடி வரை அமைதி நீடித்தால், கருவி ஹைஸ்பீடைக் கைவிட்டு, யுஎஸ்பி பிறந்த 1996ஆம் ஆண்டின் பழைய முறைக்குத் திரும்புகிறது. அதாவது டி பிளஸ் கம்பியை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கிறது. பிறகு ஒரு மில்லி வினாடிக்கும் குறைவாகக் காத்திருந்து கம்பியைப் பார்க்கிறது. எதிர்முனையில் யாரும் பிடிக்காமல் விட்டிருந்தால் கம்பி மேலே ஏறியிருக்கும்; அப்படியென்றால் தூக்கம். தான் இழுத்தும் கம்பி பூஜ்ஜியத்திலேயே கிடந்தால், ஹப் வலுவாகப் பிடித்திருக்கிறது என்று பொருள், அப்படியென்றால் ரீசெட். கேள்வி கேட்க வழியில்லாத இடத்தில், கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்து விடை பெறும் இந்த உத்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ரீசெட் என்று தெரிந்ததும் கருவி தன் பெருமையைச் சொல்லத் தொடங்குகிறது. டி மைனஸ் கம்பியில் 17.78 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 1 முதல் 7 மில்லி வினாடி வரை செலுத்துகிறது. இதற்குச் சிர்ப் என்று பெயர். ஹப்பின் பக்கம் 45 ஓம் மின்தடை மட்டுமே இருப்பதால் கம்பியில் 800 மில்லி வோல்ட் தோன்றும். ஹப் பழையது என்றால் இது அதற்குப் புரியாது, பதிலும் வராது. கருவி அமைதியாக வினாடிக்கு 1.2 கோடி பிட் என்ற பழைய வேகத்திலேயே இருந்துகொள்ளும். ஹப் புதியது என்றால் இரண்டு கம்பிகளிலும் மாறி மாறி, ஒவ்வொன்றும் 40 முதல் 60 மைக்ரோ வினாடி நீளமுள்ள துடிப்புகளை அனுப்பும். அவற்றில் மூன்று இணைகளைக் கண்டதும் கருவி தன் 1.5 கிலோ ஓம் மின்தடையைக் கழற்றிவிட்டு, தன் பங்குக்கு 45 ஓம் மின்தடைகளை இணைக்கும். அந்தக் கணத்தில் கம்பியின் மின்னழுத்தம் 800லிருந்து 400 மில்லி வோல்ட்டாகப் பாதியாகிறது. ஒப்பந்தம் முடிந்தது என்பதற்கு அந்தப் பாதியே கையெழுத்து.

கருவி பிடுங்கப்பட்டதை அறிவதும் இதே கணக்கில்தான். எதிர்முனையின் 45 ஓம் போய்விட்டால் மின்னழுத்தம் மறுபடி இரட்டிப்பாகும். 525க்கும் 625 மில்லி வோல்ட்டுக்கும் இடையில் அமைந்த ஒரு வரம்பைத் தாண்டினால் ஹப் அதைத் துண்டிப்பு என்று அறிவிக்கும். மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல், கவசம் சரியில்லாத கேபிளில் ஏறி இந்த வரம்பைத் தாண்ட வைத்தால், யாரும் தொடாத கருவி பிடுங்கப்பட்டதாகப் பதிவாகும். இன்னொரு விதமாக, ஹப்பே போர்ட்டை முடக்கிவிடுவதும் உண்டு. அப்போது லினக்ஸ் லாகில் விழும் வரியில் மின்காந்த இடையூறைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் இருக்கும். நிச்சயமில்லாததை நிச்சயமில்லை என்றே எழுதிவைத்த நிரலாளரை எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி வாசகரின் லாகுக்கு வருவோம். எண் மாறவில்லை, துண்டிப்பு வரி இல்லை, சமிக்ஞை குழம்பும்போது வரும் -71 என்ற பிழை எண் இல்லை. ஒவ்வொரு ரீசெட்டுக்குப் பிறகும் ஹைஸ்பீடு என்றே இருக்கிறது, ஆகவே சிர்ப் உரையாடல் தவறாமல் நடந்திருக்கிறது. மின் இரைச்சல் கம்பியைக் குழப்பியதற்கான தடயம் ஏதும் இல்லை. பேச்சை நிறுத்தியது, யுஎஸ்பி பேச்சை டிஸ்க்கின் மொழிக்கு மாற்றித் தரும், டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் சிறிய இடைமாற்றுச் சிப். அதற்கு வேண்டிய மின்சாரம் குறைந்துபோனதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இந்த வகைச் சிறு டிஸ்க்குகள் முழு மின்சாரத்தையும் போர்ட்டிலிருந்தே எடுக்கின்றன, யுஎஸ்பி 2.0 போர்ட் உறுதி தருவது 500 மில்லி ஆம்பியர், 4.75 வோல்ட்டுக்குக் குறையாமல். கேபினட்டின் முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே மெல்லிய ஒயர், வெளியே நீளமான கேபிள் என்றால் அந்த வரம்பின் விளிம்பில் நிற்கும் மின்னழுத்தம் அது. மில் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் அதன் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு என்பதால் தெருவின் மின்னழுத்தமே ஒரு கணம் தாழ்கிறது. பழைய பவர் சப்ளை அந்தத் தாழ்வை முழுவதும் தாங்கிக்கொள்வதில்லை.

சரிபார்க்கும் வழி எளிது. டிஸ்க்கைப் பின்பக்கப் போர்ட்டில் குட்டைக் கேபிளால் மாட்ட வேண்டும். முடிந்தால் தனி அடாப்டர் உள்ள ஹப்பின் வழியாக மாட்டி, மில் ஓடும் நேரத்தில் நகலெடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் நின்றால் யுஎஸ்பிமான் என்ற கெர்னல் வசதியைத் திறந்து பதிவு எடுக்கலாம். அதில் அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கையும் எஸ் என்ற எழுத்தோடும், முடிந்த ஒவ்வொன்றும் சி என்ற எழுத்தோடும் மைக்ரோ வினாடிக் கணக்கில் விழும். ஓர் எஸ் வரிக்கு உரிய சி வரி 30 வினாடி கழித்து -104 என்ற எண்ணோடு வந்திருந்தால், டிஸ்க் பதில் சொல்லவே இல்லை, டிரைவரே கோரிக்கையைத் திரும்பப் பெற்றது என்று பொருள். காலவரம்பை 30லிருந்து 180 ஆக்கிவிடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வாய் மூடிய சிப் அதனால் பேசிவிடாது; மௌனம் மூன்று நிமிடமாக நீளும், அவ்வளவுதான்.

"இந்த போர்ட் ராசியான போர்ட்" என்று நம் ஊர்க் கடைகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆயுத பூஜைக்குக் கேபினட்டில் குங்குமம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ராசி என்று பெயர் சூட்டியதும் காரணம் தேடுவது நின்றுவிடுகிறதே என்பதுதான் வருத்தம். ராசியான போர்ட் பெரும்பாலும் மதர்போர்டிலேயே நேராகப் பற்றவைத்த பின்பக்கப் போர்ட்டாக இருக்கும். கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்ற வழக்கத்துக்கும் இதே குறைதான். சரியாகத்தான் ஆகும், ஆனால் சிப்பின் மின்சாரம் அற்று, கருவி எண் மாறி, தடயம் அத்தனையும் அழிந்த பிறகு.

நெல்லை வட்டாரப் பொறியியல் மாணவர்கள் கெர்னல் வேலை என்றால் பெங்களூருக்குப் போய்த்தான் கற்க வேண்டும் என்று நினைப்பதற்கு ஆய்வகங்களும் ஒரு காரணம். ஸ்மார்ட் போர்டு வாங்கப் பணம் கிடைக்கிறது. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. 48 கோடி பிட்டுகளைப் பார்க்கத்தான் விலையுயர்ந்த கருவி வேண்டும். 50 மைக்ரோ வினாடித் துடிப்பான சிர்ப்பைப் பார்க்க, எந்தக் கல்லூரியிலும் இருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலாஸ்கோப்பே தாராளம். உறையுரித்த ஒரு பழைய கேபிளில் இரண்டு முனைகளை வைத்து, பென் டிரைவைச் செருகினால் திரையில் கருவியின் நீண்ட துடிப்பும், அதன் பின் ஹப்பின் மாறிமாறி வரும் பதிலும், நடுவே 800 பாதியாகி 400 ஆகும் படியும் தெரியும். மோசமான கேபிளை மாட்டி அதே சோதனையைச் செய்யும்போது அந்தப் படி தோன்றவில்லை என்றால், லாகில் ஹைஸ்பீடுக்குப் பதில், 1.2 கோடி பிட் என்ற அந்தப் பழைய வேகத்தின் பெயரான ஃபுல்ஸ்பீடு என்று விழுந்திருக்கும். ஓடிக்கொண்டிருந்த கருவிக்கு ரீசெட்டின் நடுவில் இப்படி நேர்ந்தால், வேகம் மாறிவிட்டது என்று கெர்னல் அந்த ரீசெட்டைத் தோல்வியாகக் கணக்கிட்டு, கருவியைத் துண்டித்து, புதிய எண் கொடுத்து முதலிலிருந்து தொடங்கும்.