ஹொரைசன் எஃபெக்ட்: தொடுவான மயக்கம்

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் மழை லீவுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு நாள் அக்கா மகன் லேப்டாப்பில் வெஸ்நாத் ஆடிக்கொண்டிருந்தான். 2003-இல் தொடங்கிய இலவச விளையாட்டு. நாம் ஒரு முறை, எதிராளி ஒரு முறை என்று மாறி மாறிப் படையை நகர்த்த வேண்டும். அடிபட்டு அரை உயிரோடு இருந்த ஈட்டிக்காரன் ஒருவனைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் தனியாக நிறுத்திவிட்டு, “இப்ப பாருங்க மாமா” என்றான்.

கம்ப்யூட்டரின் ஓர்க் படை, அதாவது கதைகளில் வரும் அரக்கர் கூட்டம், பாய்ந்து வந்தது. மூன்று பேர் சதுப்புக்குள்ளேயே இறங்கி நின்று அந்த ஒருவனை அடித்தார்கள். ஈட்டிக்காரன் செத்தான், அவ்வளவுதான் லாபம். அந்த விளையாட்டில் ஒரு நாள் என்பது 6 சுற்று. ஓர்க்குகளுக்கு இரவில் அடியின் வலு 25 சதவீதம் கூடும், பகலில் அதே அளவு குறையும். அவை பாய்ந்தது இரவின் கடைசிச் சுற்றில். அடுத்தது விடியல், அதற்கடுத்தது காலை. சதுப்பில் நிற்பவன்மேல் அடி சுலபமாக விழும். விடிந்ததும் மருமகன் குதிரைப்படையை இறக்கினான். எனக்கு ஓர்க்குகளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“ஏஐ சரியான மக்கு” என்றான். மக்கு என்பது திட்டு, பெயராகாது. இந்த மக்குத்தனத்துக்கு ஒரு பெயர் உண்டு: ஹொரைசன் எஃபெக்ட்.

பெயர் வைத்தவர் ஹான்ஸ் பெர்லைனர். அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் உலகச் சாம்பியனாக இருந்தவர், அப்புறம் கணினி ஆய்வுக்கு வந்தவர். 1973-இல் சதுரங்கம் ஆடும் கணினி நிரல்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். நிரல், இத்தனை நகர்த்தல்வரைதான் யோசிப்பது என்று ஓர் அளவு வைத்துக்கொள்கிறது. அந்த அளவுக்குள் தன் யானை வெட்டுப்படப் போவது தெரிந்தால், குறுக்கே ஒரு செக் கொடுக்கும், ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கும். ஒவ்வொன்றும், தன்னுடையது ஒன்று, எதிராளியின் பதில் ஒன்று என இரண்டு நகர்த்தல் இழுத்தடிக்கும். யானையின் சாவு கணக்கிட்ட எல்லைக்கு அப்பால் தள்ளிப்போய்விடும். உடனே நிரலின் கணக்கில் யானை பிழைத்துவிட்டது! சிப்பாயும் போய், கடைசியில் யானையும் போகும். கடனை அடைக்கக் கடன் வாங்கி, இந்த மாதம் தப்பித்தேன் என்று மூச்சு விடுகிறவர் கணக்குத்தான் இது.

இதற்கு மறுபக்கம் ஒன்றையும் அவர் சொன்னார். நிதானமாகப் பறித்தால் முழுதாகக் கிடைக்கும் லாபத்தை, கண்ணுக்கு எட்டுகிறதே என்று அவசரப்பட்டு அரைகுறையாகப் பறிப்பது. அந்த ஈட்டிக்காரன்மேல் பாய்ந்தது இந்த வகையோடுதான் சேரும். ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஆடுகிறவர் மாட்டிக்கொள்வதும் இப்படித்தான். வலிய வந்து நிற்கும் ஆட்டை வெட்டிய கையோடு, புலிக்குத் திரும்பிப் போக வழி இருக்காது. ஊர்ப் பெயரிலேயே புலியை வைத்திருக்கும் திருப்பாதிரிப்புலியூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். ஹொரைசனின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ஹோரோஸ் என்றால் எல்லை, ஹோரிஸெய்ன் என்றால் எல்லை வகுப்பது. எல்லை வகுக்கும் வட்டம் என்ற தொடரிலிருந்து வட்டம் உதிர்ந்துபோய் எல்லை மட்டும் தங்கியது. தமிழில் தொடுவானம் என்கிறோம், அடிவானம் என்கிறோம். கிரேக்கர்கள் அந்தக் கோட்டில் ஒரு வேலியைப் பார்த்தார்கள். நாம் வானமும் கடலும் தொட்டுக்கொள்வதைப் பார்த்தோம். ஆனால் அந்தத் தொடுதல் பொய் என்பதும் நமக்குத் தெரியும். இந்தச் சொல்லுக்கு எனக்கு வேண்டியதும் அதுதான்.

தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நின்றால் அந்தக் கோடு ஏறக்குறைய 4.5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். கண் மட்டம் 10 மீட்டருக்கு வருகிற மாதிரி மாடி ஏறினால் 11 கிலோமீட்டர். உயரம் 4 மடங்கானால்தான் தூரம் 2 மடங்காகும். அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று கரையில் இருப்பவர் யாரும் நினைப்பதில்லை. 1758 ஏப்ரலில் புனித டேவிட் கோட்டைக்கு எதிரே வந்து நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் அதற்கு அப்பாலிருந்துதான் வந்தன. ஜூனில் கோட்டை ஆங்கிலேயர் கையை விட்டுப் போனது.

கணினிக்கு இந்த மாடி ஏறும் செலவு இன்னும் கொடுமை. சதுரங்கத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் உண்டு என்பார்கள். வடிகட்டாமல் 4 நகர்த்தல் ஆழம் பார்த்தாலே 15 லட்சம். படை நகர்த்தும் விளையாட்டில் ஒரே முறையில் எல்லா வீரர்களையும் நகர்த்தலாம். 10 வீரர்கள், ஆளுக்கு 20 இடம் என்றால் ஒரு முறைக்கே 10 லட்சம் கோடிச் சேர்க்கைகள். அதனால் இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் கணினி அடுத்த முறையைத் தேடிப் பார்ப்பதே இல்லை. இந்த முறையில் எது லாபம் என்று மதிப்பெண் போட்டு நகர்த்திவிடுகிறது. தொடுவானம் அதன் கால் விரல் நுனியிலேயே இருக்கிறது. கறாராகப் பார்த்தால் பெர்லைனரின் சொல் ஆழம் தேடும் நிரல்களுக்கானது. இங்கே அதைக் கொஞ்சம் இழுத்துத்தான் பொருத்துகிறோம்.

கடினமான மட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கணினி தொலைவாகப் பார்க்கத் தொடங்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நாடு வளர்க்கும் விளையாட்டான சிவிலைசேஷன் 6-இல் ஆகக் கடினமான டெய்ட்டி மட்டத்தில் கணினி, நகரம் அமைக்கும் குடியேறிகள் 3 பேரோடு தொடங்கும், நமக்கு 1. கண் தெரியாதவருக்குக் கண்ணாடி வாங்கித் தராமல் கைச்செலவுக்குக் காசைக் கூட்டிக் கொடுக்கிற மாதிரி.

இனி தமிழ்ச் சொல். நேராகப் பெயர்த்தால் தொடுவான விளைவு. தப்பில்லை, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. ராமன் விளைவு, டாப்ளர் விளைவு என்பவை இயற்கையில் நடப்பவை. இது நிரலின் குறை. கிட்டப்பார்வை என்று சொன்னால் என்ன என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்விதான். கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரத்தில் ஏதோ மங்கலாகவாவது தெரியும். தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். நிரலுக்குக் கோடுவரை பளிச்சென்று தெரியும், அதற்கப்பால் உலகமே கிடையாது. கண்ணை மூடிக்கொண்ட பூனைக்கு உலகம் இருண்டதுபோல.

நான் தொடுவான மயக்கம் என்றே எழுதுகிறேன். ஒன்றை இன்னொன்றாகக் கொள்வதை மயக்கம் என்று சொல்வது நம் வழக்கம். தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. இங்கே நிரல் பார்வையின் முடிவை ஆட்டத்தின் முடிவாகக் கொள்கிறது. இதற்கு மருந்தாகச் சதுரங்க நிரலாளர்கள் செய்வது, வெட்டுக்குத்து நடக்கும்போது எண்ணிக்கை தீர்ந்தது என்று பாதியில் நிறுத்தாமல், அடங்கும்வரை தொடர்ந்து பார்ப்பது. பொங்குகிற பாலை அளக்க முடியாதே. அதை அடங்கல் தேடல் எனலாம்.

மருமகனுக்கு இலக்கணக் காரணமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே எதிரித் தலைவனுக்குப் பெயர் வைத்துவிட்டான். கூடத்திலிருந்து சத்தம் வந்தது: “மாமா, மயக்கசாமி கோட்டையை விட்டு இறங்கிட்டார்!”