ஜீன்ஸை உப்புத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்

மறுபடியும் ஒருவர். நல்ல விலை கொடுத்து வாங்கிய அடர்நீல ஜீன்ஸ். முதல் துவைப்பிலேயே வாளித் தண்ணீர் நீலமானதும் பயந்துபோய், கல்லுப்பும் வினிகரும் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்திருக்கிறார். சாயம் போவது நிற்கவில்லை, பாக்கெட் ஓரத்தில் அடித்திருக்கும் உலோகக் குமிழ்களில், அதாவது ரிவெட்டுகளில், பச்சை பூத்ததுதான் மிச்சம். "டூப்ளிகேட்டை என் தலையில கட்டிட்டாங்க மாஸ்டர்" என்று என் ஆல்ட்ரேஷன் கடைக்குக் கொண்டுவருகிறார். இதே புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சாயம் போனால் மட்டத் துணி என்பது மற்ற துணிகளுக்கு வைத்திருக்கும் கணக்கு. ஜீன்ஸுக்கு நீலம் ஏற்றுகிற இண்டிகோ சாயத்துக்கு அது செல்லாது. இண்டிகோ தண்ணீரில் கரையாது. ரசாயனம் சேர்த்து அதைக் கரைய வைத்து, நூலை முக்கி எடுத்துக் காற்றில் காட்டுவார்கள். காற்று பட்டதும் மறுபடி கரையாத நீலமாகிவிடும். பல தடவை முக்கினாலும் நீலம் நூலின் மேல்பக்கத்தில்தான் தங்கும், உள்ளே வெள்ளையாகவே இருக்கும். சந்தேகமா? பழைய ஜீன்ஸிலிருந்து ஒரு நீல நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். மேலே ஒட்டியிருப்பது உரச உரச உதிரும். முட்டியும் பர்ஸ் வைக்கிற இடமும் முதலில் வெளுப்பது அதனால்தான். அந்த வெளுப்புக்காகவே காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்!

அப்புறம் உப்பு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பனியன் துணிக்கு உப்பு போடுவது உண்மைதான். ஆனால் அது வேறு வகைச் சாயம், அதுவும் சாயம் ஏற்றுகிற நேரத்தில் போடுவது. உங்கள் வீட்டு வாளியில் இருக்கும் இண்டிகோவை உப்பு ஒன்றும் செய்யாது. புதிதில் தனியாகத் துவையுங்கள், உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெள்ளை சோபாவில் கொஞ்ச நாள் உட்காராதீர்கள். அவ்வளவுதான்.

தரம் பார்க்க வேண்டுமா, கடையிலேயே ஜீன்ஸை உள்வெளியாகத் திருப்புங்கள். நான்கு தையல்கள் வந்து சேரும் கவட்டையைப் பாருங்கள். நல்ல தையல்காரர் கை பட்டிருந்தால் அந்தச் சந்திப்பு தடித்துக் கோணாமல் படிந்திருக்கும். துணி ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இரட்டைத் தையலில் அடங்கியிருந்தால் பிசிறு வெளியே தெரியாது. எல்லா ஓரமும் மடிக்காமல் நூலால் சுற்றித் தைத்த வெறும் ஓவர்லாக்கா, விலையைக் குறைத்துக் கேளுங்கள். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைக்காதீர்கள். தடித்த நூலில் அளவுக்கு மீறி நெருக்கினால் ஊசி ஓட்டை வரிசையிலேயே துணி கிழியும். பெல்ட் மாட்டுகிற லூப்பின் இரண்டு முனையிலும், பாக்கெட் மூலையிலும் பார்டேக், அதாவது பிய்யாமலிருக்க முன்னும் பின்னுமாகப் போடுகிற குட்டித் தையல், இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

ரிவெட் அழகுக்கு வந்ததல்ல. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் ரீனோ ஊரில் தையல் தொழில் செய்த ஜேக்கப் டேவிஸ், பாக்கெட் ஓரம் பிய்ந்துபோகிறதே என்று அடிக்க ஆரம்பித்தது. 1873 மே 20 அன்று லீவை ஸ்ட்ராஸ் கம்பெனியோடு சேர்ந்து காப்புரிமையும் வாங்கினார். இன்று மலிவு ரகங்களில் துணியைத் துளைக்காமல் வெறுமனே ஒட்டி விடுகிறார்கள். உள்பக்கம் ரிவெட்டின் மறுபாதி தெரியவில்லை என்றால் அது பொட்டு, ரிவெட் இல்லை.

உயரம் குறைக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து ஒரு தடவையாவது துவைத்துவிட்டு வாருங்கள். சுருங்கின பிறகு வந்து சண்டை போட்டால் வெட்டின துணியை நான் எங்கே போய்த் தேடுவது? "ஒரிஜினல் பாட்டம் வேண்டும்" என்று வெட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள், கம்பெனி மடிப்பையே எடுத்து ஒட்டித் தைக்கலாம். அந்த மடிப்பு பெரும்பாலும் நூல் வளையம் வளையமாகக் கோத்துப் போகிற செயின் தையல். நூல் தொங்குகிறதே என்று பிடித்து இழுத்தீர்கள் என்றால் சுற்று முழுக்கச் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு முடிச்சுப் போட்டு அப்படியே எடுத்து வாருங்கள்.