மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

கிராமங்களில் கணினி மையம் அமைக்கும் வேலையில் இருப்பவள் நான். புதிதாக ஓர் ஊருக்குப் போனால் இணைய வேகத்தைப் பற்றி முதலில் கேட்பதில்லை. சாவி யாரிடம், எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், உள்ளே வரத் தயங்குகிறவர்கள் யார் என்றுதான் விசாரிக்கிறேன். பூட்டிய அறைகளில் தூசி படிந்து கிடக்கும் கணினிகளை நிறையவே பார்த்தாயிற்று. பெரும்பாலும் அவை ஊரைக் கேட்காமல் வந்து இறங்கியவை.

ஊரைக் கேட்டுத் தொடங்கியதற்குப் புதுச்சேரியிலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்கே தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம்; சுற்றுக் கிராமங்களில் கிளைகள். கைப்பேசி கிராமங்களை எட்டாத காலம் என்பதால் கம்பியில்லாத் தொடர்பு வழியாகத் தகவல் போனது. உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஊராரிடம் கேட்ட பிறகே வேலை தொடங்கியது. இடமும் நடத்த ஆட்களும் ஊர் தர வேண்டும்; சாதி பாராமல் எல்லோரும் வந்துபோக வேண்டும் என்பது நிபந்தனை. ஏம்பலத்தில் கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் பெண்களே மையத்தை நடத்தினார்கள். அந்த நிபந்தனையை இன்றைய ஒப்பந்தங்களில் தேடினாலும் கிடைப்பதில்லை என்பது என் ஆற்றாமை.

வீராம்பட்டினத்து மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். யாரும் கணினியைத் தொட வேண்டியதில்லை. படகைத் தள்ளுமுன் காதில் விழுந்தால் போதும்.

நல்லவாட்டிலும் இதே ஏற்பாடு இருந்தது. சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. 3,000 பேருக்கு மேல் வாழ்ந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கடல் நிலவரத்தை நாள்தோறும் சொல்லிவந்த குரல் என்பதால்தான் கேட்டவுடன் ஓடினார்கள். பெயருக்கு மாட்டிவைத்த ஒலிபெருக்கியாக இருந்திருந்தால், அது எங்கே இருக்கிறது என்பதே அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வந்திருக்காது.

இன்று கையில் கைப்பேசி இருக்கிறது, ஆனால் ஆபத்து வேறு உருவில் வருகிறது. ரகசிய எண்ணைப் பாஸ்புக் உறைக்குள் எழுதிவைத்து, கேட்டவுடன் அப்படியே நீட்டும் பாட்டிகளை மையங்களில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களைக் கடிந்து பயனில்லை. படித்துக் காட்ட நம்பகமான ஆள் இல்லாததே காரணம். ஊர் மகளிர் குழுவில் இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து, முறைவைத்து மையத்தில் உட்காரச் செய்தால் பாதிச் சிக்கல் தீரும். ஓடிபி எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் தானே பதியவும், எந்த விண்ணப்பத்துக்கும் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கவும் அவர்கள் பக்கத்தில் இருந்து பழக்கலாம்.

உங்கள் ஊருக்கு மையமோ இணைய இணைப்போ வரப்போவதாகத் தெரிந்தால், கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அக்டோபர் 2 அவற்றில் ஒன்று. எந்த இடத்தில் வைக்கப்போகிறீர்கள், எல்லாத் தெருக்காரர்களும் அங்கே தயக்கமில்லாமல் வரமுடியுமா, கூலி வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மாலையில் திறந்திருக்குமா, கட்டணப் பலகை வெளியே தொங்குமா, இயந்திரம் பழுதானால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, அதை வாசிக்கக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.